சுஹறாவின் சேர்க்கிட் போர்ட் சம்பந்தமாக

சாய்ந்தமருது,
18.07.2010

அன்புள்ள மச்சான் அச்சிமுகம்மது அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயனின் கிருபையால் நானும் என் மனைவி, உன் ராத்தா ஸாலிஹாவும் எங்கள் மகள், உன் மருமகள் சுஹறாவும் சுகமே இருக்கிறோம். கட்டார் வெயிலில் உன் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். நிற்க, போன வருசம் நீ அனுப்பிய லெப்டொப் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நடப்பவற்றை உனக்கு அறியத்தருவது என் கடமையாகிறது.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை, படம் பார்த்துப் பொழுதைப் போக்கட்டும் என்றுதானே அனுப்பினாய். அவள் ஒரு படமும் பார்க்கவில்லை. சேர்க்கிட் போர்ட் படம் கீறுகிற சொஃப்ட்வெயார் ஒன்றை இன்டர்நெட்டில் சும்மா எடுத்துப் போட்டுக்கொண்டு, விடிந்தால் பொழுதுபட்டால் அதுதான் வேலை. ரேடியோவைக் கழட்டினால் உள்ளுக்குப் பச்சை அட்டையில் செப்புக் கோடுகள் ஓடுமே, அதைத்தான் கீறுகிறாள். ஒரு கோட்டில் மற்றக் கோடு முட்டக்கூடாதாம். நான் முதல்ல பார்த்திட்டு சுனாமி வீட்டுத்திட்டப் பிளான் எண்டு நினைச்சு, இதில எங்கட வீடு எது எண்டு கேட்டுப் போட்டன். நான் அங்கால திரும்பினதும் முதுகுக்குப் பின்னால கையால என்னமோ சொன்னாள். உன் ராத்தா வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாள். என்ன சொன்னாள் எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லல்ல.

கீறினதப் பளபளப்பான தாளில அடிக்க வேணும் எண்டு என்னைக் கலியாணக் காட் அடிக்கிற கடைக்கு அனுப்பினாள். நான் காட் கடைப் படியேறினதக் கண்ட சனம், மீராமுகைதீன்ட மகளுக்குக் கலியாணம் எண்டு ஊரெல்லாம் கதைச்சி, அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கட பெரியம்மா வீட்டார் சீனியும் வாழைப்பழமும் கொண்டு வந்து, மாப்பிள்ளை எந்த ஊர் எண்டு கேட்டுக்கிட்டு நிக்காங்க. அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டு உள்ளுக்கு வந்தா, என்ட சேர்ட் தேய்க்கிற ஸ்திரிக்கைப் பெட்டிய எடுத்து அந்தத் தாளைச் செப்பு அட்டையில வச்சி அழுத்திக்கிட்டிருக்காள். அப்பிடி அழுத்தினா மை அட்டையில ஒட்டுமாம். மறுகா அந்த அட்டைய ஒரு மருந்துத் தண்ணிக்குள்ள போட்டா, மை இல்லாத செப்பெல்லாம் கரைஞ்சி கோடு மட்டும் மிஞ்சுமாம். மிஞ்சினதுதான். ஆனா படத்தைத் திருப்பி அடிக்க மறந்ததால எல்லாம் இடம்வலம் மாறிப் போச்சி. அந்த மருந்துத் தண்ணியில மிச்சம், நான் ஜும்ஆவுக்குப் போட வச்சிருந்த வெள்ளைச் சேர்ட்டில. புடவைக்கடை வச்சிருக்கிற எனக்கே அந்தத் துருக்கறை போற வழி தெரியல்ல.

இவ்வளவும் எதுக்கு எண்டு கேட்டன். எழுதிக் காட்டினாள். பள்ளிவாசல் ஸ்பீக்கரில பெரிசா அறிவிச்சா அவள்ட கையில கட்டின போர்ட் நடுங்க வேணுமாம். நடுங்க வைக்கிறது பழைய போனுக்குள்ள இருந்து கழட்டின சின்ன மோட்டர். உனக்குத் தெரியும் மச்சான், சுனாமி அண்டைக்கு அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிண்டாள். நான் கத்தினன். அவளுக்கு எப்பிடிக் கேக்கும். ஓடிப் போய்த் தூக்கினன். அதுக்குப் பிறகு அவள விட்டு நான் தூரப் போனதே இல்ல. கடைக்குப் போனாலும் மனசு வாசல்லதான். அந்த வேலையை இப்ப நெருப்புப் பெட்டியளவு அட்டை ஒண்டு செய்யப்போகுது எண்டு அவள் எழுதிக் காட்டினா, ஒரு வாப்பாக்கு எப்பிடி இருக்கும் எண்டு நீயே யோசி.

நாலைஞ்சு அட்டை பிழைச்சி, கடைசியா ஒண்டு சரிவந்திச்சி. சரி எண்டா, நான் தும்மினாலும் நடுங்கும். அதைக் கையில கட்டிக்கிட்டு என்னோட பஸ்ஸில கடைக்கு வந்தாள். யுத்தம் முடிஞ்சாலும் செக்பொயின்ட் முடியல்லதானே. வயரும் பற்றரியும் கண்ட ஆமிக்காரன் ஒருவன் சத்தம் போட்டான். போட்ட சத்தத்துக்கு போர்ட் நடுங்கி அதில இருந்த சின்ன லைட்டும் பத்திச்சி. அவன் பின்னால பாய்ஞ்சான். நான் சாகப் போறம் எண்டு ஷஹாதாக் கலிமாவைச் சொல்லிக்கிட்டன். இவள் ஆறுதலாக் காதைக் காட்டி, இல்லை எண்டு கையை விரிச்சி, மறுகா அவனைக் கைதட்டச் சொன்னாள். தட்டினான். நடுங்கிச்சி. "தங்கச்சி, காது?" எண்டு கேட்டான், நான் ஓம் எண்டன். மற்ற ஆமிக்காரரையும் கூப்பிட்டான், எல்லாரும் தட்டினாங்க, பஸ்ஸில இருந்த சனமும் தட்டிச்சி. கடை திறக்கப் பிந்திப் போச்சி.

போன மாசம் கடைசியில, லுஹர் தொழுகைக்குப் பிறகு, கடல் பொங்கலாம் எண்டு பள்ளிவாசல் ஸ்பீக்கரில அறிவிச்சாங்க. நான் கடையைத் திறந்த மாதிரியே போட்டுட்டுச் சனத்துக்கு எதிராக் கடலைப் பாத்து ஓடினன். வீடு பூட்டிக் கிடந்திச்சி. கதவில அடிச்சன், பேரைச் சொல்லிக் கத்தினன். பக்கத்து வீட்டு முகம்மது தம்பி சைக்கிளில ஏறிக்கிட்டே, "என்ன காக்கா, ஒங்கட மகள்தான் எங்களயெல்லாம் மத்தியான நித்திரையில இருந்து எழுப்பிட்டு ராத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போறாள். நீங்க இஞ்ச என்ன செய்யிறீங்க?" எண்டான்.

வயல் பக்கத்து றோட்டில கண்டுபிடிச்சன். அவள் என்ட சேர்ட்டைப் பிடிச்சி உலுக்கி, எங்க போனீங்க, ஒங்களத் தேடிப் பாத்திட்டுத்தான் வந்தன் எண்டு கையால ஏசினாள். கடல் வரல்ல. நான்தான் றோட்டில குந்தியிருந்து அழுதன்.

இனி விசயத்துக்கு வாறன். அவள்ட ஸ்கூல் டீச்சர் அவள் கீறின போர்ட் படங்களைக் கொழும்பில ஒரு கம்பனிக்கு அனுப்பி, அவங்க பயிற்சிக்கு வரச் சொல்லிட்டாங்க. உன் ராத்தா ஓம் எண்டுட்டாள். காது கேளாத குமர்ப்புள்ள கொழும்பில தனிய எப்பிடி மச்சான் இருக்கிறது? நான் சொன்னா எடுபடாது. அவள் உன் சொல்லைத் தட்டமாட்டாள். ஆகவே, போக வேண்டாம் என்று மாமாவின் கண்டிப்பான உத்தரவாக ஒரு கடிதம் உடன் எழுதி அனுப்பவும்.

உன் தொழிலிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் மச்சான் மீராமுகைதீன்

பி.கு: உறையில குத்தியிருக்கிற தபால் முத்திரையைப் பாத்து நீ யோசிச்சிருப்பாய். ஓம், கொழும்பில இருந்துதான் போடுறன். இதை ஒட்டுறதுக்குள்ள அவள் பையைக் கட்டிக்கிட்டு வந்து நிண்டு, வாறீங்களா வாப்பா, நான் தனியப் போகவா எண்டு கேட்டாள். மேல எழுதினது ஒண்டையும் அவளுக்கு எழுத வேணாம், வாழ்த்தி எழுது. விடுதி துப்புரவு. கூட இருக்கிற புள்ளையளுக்கு இப்பவே கைப்பாஷை பழக்கிறாள். என்னை ஊருக்குப் போகச் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டாள். ஊருக்குப் போற கல்முனை பஸ் முன்னால வந்து நிக்கிது. நான் அடுத்த பஸ்ஸில போறன்.