சஸ்பென்ஷன் சார் விழுந்த பாறைகள்

கீரனூரிலிருந்து நார்த்தாமலை வரை சஸ்பென்ஷன் சார் விழாத பாறை என்று ஒன்று மிச்சமிருந்தால், அது எங்கள் அலுவலக வரைபடத்தில் ஏறாத பாறையாகத்தான் இருக்கும். மற்ற எல்லாவற்றிலும் அவருடைய தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

நிலம் அளக்கிற அலுவலகம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். நான் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். அவர் வரைபடம் போடுகிறவர். ஸ்கேல் இல்லாமல் அவர் இழுத்த கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேலைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆளும் அதே நேர்க்கோடுதான். மேலதிகாரியின் மைத்துனர் போட்ட வேலி புறம்போக்கில் நிற்கிறது என்று வரைந்து காட்டி ஒருமுறை சஸ்பெண்ட் ஆனார். திரும்ப வேலைக்கு வந்த அன்றே, ‘மேற்படி வேலி இன்னும் அங்கேயே நிற்கிறது’ என்று எழுதிக் கொடுத்து மறுமுறையும் சஸ்பெண்ட் ஆனார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தொரு வயதில் ஒரு திங்கட்கிழமை காலை, பலகை மாதிரி அகலமான டயர் வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார்.

“மலையேறுற சைக்கிள். முன்னாடி ஒரு சஸ்பென்ஷன், பின்னாடி ஒரு சஸ்பென்ஷன். மேடு பள்ளமே தெரியாது” என்றார்.

டைப்பிஸ்ட் மல்லிகா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “ரெண்டு தடவ சஸ்பெண்ட் ஆன ஆளுக்கு ரெண்டு சஸ்பென்ஷன் வச்ச வண்டி. பொருத்தம் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க சார்.”

அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

முதல் விழுகை அன்று மதியமே, எல்லோர் கண் முன்னால் நடந்தது. வேப்பமரத்தடியில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மிதிக்கவே இல்லை. மெதுவாக, வெட்டிய வாழைமரம் சாய்கிற மாதிரி இடப்பக்கம் சாய்ந்து விழுந்தார். ஓடாத சைக்கிளிலிருந்து ஒரு மனிதர் விழுந்ததை அன்றுதான் பார்த்தோம். பியூன் வரைக்கும் சிரித்தார்கள். அவரும் கீழே கிடந்தபடியே சிரித்தார்.

“வண்டி கொஞ்சம் யோசிக்குது. பழகிரும்” என்றார்.

நார்த்தாமலைக்குப் பின்பக்கம், சுற்றுலா வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில், பேரில்லாத மொட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. அதைத்தான் அவர் பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் வரச் சொல்வார். நான் ஸ்கூட்டரில், டிக்கியில் பஞ்சும் டிஞ்சரும் வைத்துக்கொண்டு பின்னால் போவேன்.

“நான் எதுக்கு சார்? எனக்கு அந்தச் சைக்கிள்ல காத்தடிக்கக்கூடத் தெரியாது.”

“விழுந்தா நாலு பேருட்டச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல தம்பி. நீங்கதான் நல்லாச் சொல்லுவீங்க.”

நல்லாத்தான் சொன்னேன். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகமே என் மேசையைச் சுற்றி நிற்கும்.

இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும் என்று செல்போனில் பார்த்திருக்கிறார். முதல் ஞாயிறு, தள்ளித் தள்ளி, சீட்டுக்கும் பின்னால் போய்விட்டார். சைக்கிள் தனியாக இறங்கிக் கீழே போய்ப் புதரில் சாய்ந்து நின்றது. சார் கொஞ்சம் கழித்து, உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேண்ட்டில் பாதி பாறையிலேயே தங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு முன் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது, அவர் நிற்கவில்லை. மோவாயில் ஐந்து தையல். பெடலில் இருக்கிற முள்ளாணிகள் முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்து, காய்ந்து, மறுபடி கிழித்தன. இன்னொரு முறை வெள்ளாட்டு மந்தைக்குள் போய் விழுந்தார். ஆடு மேய்த்த அம்மா ஓடி வந்து, ஆட்டை மட்டும் தூக்கி நாலு காலையும் தடவிப் பார்த்தது.

“ஏம்ப்பா, சினை ஆடுப்பா! கண்ணு தெரியலையா ஒனக்கு?”

தோள் எலும்பு உடைந்து கிடந்தவர், “மன்னிச்சுக்கங்க ஆத்தா, ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை அதையும் சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன்.

மருத்துவமனையில் கட்டுப் போடுகிற நர்ஸுக்கு அவர் நிரந்தர உறுப்பினர். “வாங்க சார், இன்னிக்கு எந்தப் பக்கம்?” என்பார்.

தோள் கூடி, அவர் வேலைக்குத் திரும்பியபோது கோடு ஆடியது. ஸ்கேலை வைத்துப் போட்ட கோடே ஓரத்தில் பிசிறியது. அறையில் எல்லோரும் சைக்கிளைத் திட்டினோம். “கையைக் கெடுத்துக்கிட்டீங்களே சார்” என்றாள் மல்லிகா. அவர் அந்தத் தாளைச் சுருட்டி டிராயருக்குள் வைத்துவிட்டு, “ஆமாம்மா, சைக்கிளால வந்த வினை” என்றார். குரலில் ஏதோ நிம்மதி இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் நெற்றியில் புடைப்போடு வந்தார். “விடியக்காலம் ஒரு ரவுண்டு போனேன், வேரு தட்டிருச்சு” என்றார். முந்தின நாள் நல்ல மழை. வெளியே நின்ற சைக்கிள் டயரில் ஒரு பொட்டுச் சேறில்லை. பார்த்தேன். கேட்கவில்லை.

அவர் மனைவி தனம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மா திட்டினால் தெருவே கேட்கும், கேட்டுவிட்டு ரசிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவரைத் தாங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது ஆரம்பமாகும்.

“இந்த வயசுல பாறையில ஏறி யாருக்குங்க காட்டப் போறீங்க? அங்கிட்டு நிக்கிற பாறை ஒங்களை என்னங்க செஞ்சுச்சு? தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா? ரெண்டு பேரும் சேந்துதான் ஆடுறீங்க!”

மஞ்சளை அரைத்துக்கொண்டே திட்டுவார். பற்றுப் போட்டுக்கொண்டே திட்டுவார். சோறு போட்டுக்கொண்டே திட்டுவார். சார் கண்ணை மூடி, வலியோடு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது வருஷம் மணிக்கட்டு உடைந்தது. அவர் மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்த நேரம், தனம் அக்கா எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, எனக்கு ஒரு ஒதவி செய்யணும். அந்தச் சனியனை இந்த வீட்டை விட்டு எடுத்துட்டுப் போயிருங்க. அன்னவாசல்ல எந்தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில போட்டுருங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, சைக்கிளை ஏற்றி, அன்னவாசலில் கொண்டுபோய் வைக்கோலுக்குப் பின்னால் மறைத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று இரண்டு பரோட்டா அதிகம் சாப்பிட்டேன்.

சார் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். வெறும் சுவரைப் பார்த்து, “எங்கிட்டுப் போச்சு?” என்று மட்டும் கேட்டார். பிறகு அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த வாரத்தில், அலுவலகப் படிக்கட்டில் விழுந்தார். காய்ந்த, பழகிய படி. கையிலிருந்த காகிதக் கட்டுகள் கீழ்ப்படி வரை சிதறின. நான்தான் முதலில் ஓடினேன். ஓடிக்கொண்டே, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “என்ன சார், சைக்கிள் இல்லாமலே விழப் பழகிட்டீங்களா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து எழுந்து, பழைய ரெக்கார்டுகள் வைத்திருக்கிற அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, சைக்கிளை எங்க வச்சிருக்கீங்க? நாளைக்குக் கொண்டாந்துருங்க.”

“சார், மறுபடியுமா? அக்கா என்னை…”

“சைக்கிள்லேர்ந்து நான் விழலை தம்பி. விழ ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் சைக்கிளே வாங்குனேன்.”

தூசு படிந்த கட்டுகளின் மேல் உட்கார்ந்து சொன்னார். அவருடைய அப்பாவுக்கு ஐம்பதில் தொடங்கியது. முதலில் சும்மா நடக்கும்போது விழுந்தார். பிறகு கை ஆடியது, பேச்சு குழறியது, படுத்தார். அண்ணனுக்கும் அதே. இவருக்குக் கால் தடுமாறத் தொடங்கியதும், அலுவலக டிரெய்னிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்க் காட்டியிருக்கிறார். நடை தடுமாறாமல் பார்த்துக்கொள்கிற இடம் மூளையில் சுருங்கிக்கொண்டு வருகிறது, குடும்பத்தில் வருகிறது, மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“எங்களுக்குப் பிள்ளை இல்லாததை நெனச்சு அன்னிக்குத்தான் தம்பி மொத மொறையா நிம்மதிப்பட்டேன்.”

நான் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“தனம் கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் எங்கப்பா படுத்தாரு. ஏழு வருஷம். அவரைப் புரட்டிப் போட்டது, தொடச்சு விட்டது எல்லாம் அவதான். தெரிஞ்சா அவளுக்கு அன்னிலேர்ந்தே எல்லாம் ஆரம்பிச்சுரும். காயம் இருந்தா காரணம் கேப்பா. அதான் ஒரு காரணத்தை வாங்கிட்டு வந்தேன். திட்டுற வரைக்கும் அவ நல்லா இருக்கா தம்பி. இன்னும் கொஞ்ச நாளு திட்டட்டுமே.”

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அன்னவாசல் போனேன். செய்வது சரியா என்று இரவெல்லாம் யோசித்தும் தெரியவில்லை. படிக்கட்டில் நான் அவரைக் கேட்ட கேள்வி மட்டும் காதிலேயே நின்றது. அதே குட்டி யானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன்.

தனம் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எறக்க வேணாம் தம்பி” என்றார். “காலையில அடுப்படியில விழுந்துட்டாரு. தண்ணி மோந்து குடிக்க வந்தவரு, நின்ன எடத்துல அப்படியே. நான் வந்த புதுசுல மாமாவும் அந்த அடுப்படியிலதான் விழுந்தாரு.”

கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தார்.

“ரெண்டு வருஷமா இது மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கேன். நானே தூக்கிக் குடுத்துட்டேனே தம்பி.”

உள்ளே சார் இன்னும் தரையில்தான் இருந்தார், சுவரில் சாய்ந்து. தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். தனம் அக்கா போய் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய மோவாய்த் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஏங்க, எலும்பை ஒடச்சு ஒடச்சா எங்கிட்ட மறைப்பீங்க?”

“ஒவ்வொண்ணும் நெசமாவே வலிச்சுச்சு தனம்” என்றார் சார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று வாசல்படியில் நின்ற எனக்குத் தெரியவில்லை. டிரைவர் வெளியே ஹாரன் அடித்தார். போய் அவரை அனுப்பிவிட்டேன். சைக்கிள் அன்னவாசலுக்கே திரும்பிப் போனது.

அந்த வருஷமே சார் வேலையை விட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆகிறது. அவர் பேசுவது தனம் அக்காவுக்கு முழுதாகவும், எனக்கு முக்கால்வாசியும் புரிகிறது. வேலி இன்னும் அங்கேயே நிற்கிறதா என்று போன வாரம் கேட்டார். நிற்கிறது என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்.

ஞாயிறு மாலை நான் போகும்போது தனம் அக்கா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைப்பார். கை ஆடுவதால் சூடாகக் கொடுத்தால் அவர் மேலே கொட்டிக்கொள்வார். நன்றாக ஆறி, ஆடை கட்டிய பிறகுதான் நான் டம்ளரை அவர் கையோடு சேர்த்து வாயருகே பிடிப்பேன். ஆறிய டீ எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இப்போது நானும் அப்படித்தான் குடிக்கிறேன்.