ஆஷாடத்துக் கல்லூரியில் ஒன்பது பேர்

மைசூரு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சேகரன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் காளியப்பன் கை குவித்து எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை பாக்கியலட்சுமி, மகள் ஜீவிதா மூவரும் சுகம். ராமாபுரத்தில் தாங்கள், அக்கா, பிள்ளைகள், சினை மாடு அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தாங்கள் பதினாறு வார்த்தை பேசிவிடுகிறீர்கள். வாட்சப்பில் பேசி அனுப்பினால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக அக்காவே சொன்னார். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது.

ஜீவிதா சேரப்போகும் கல்லூரி எப்போது ஆரம்பித்தது, அங்கே என்னென்ன சொல்லித் தருகிறார்கள், அவளுக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஹனூர் மாப்பிள்ளை ரவிக்குமார் வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். வேறு வாய் வழியாக வந்தால் கூட்டித்தான் வரும். முதல் முதலாக விசாரிக்கப் போன அன்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஜீவிதா பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றுவிட்டாள். காம்பவுண்டுக்குள் கால் வைத்ததும் ஒரு பெண் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்தாள். தனியார் கல்லூரி என்றால் மரியாதை இப்படித்தான் இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருத்தர் கையைப் பிடித்து "மொதல்ல ஊட்ட மாடி", முதலில் சாப்பிடுங்கள் என்று இழுத்துப்போய் இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். சாப்பாடு போட்டு அட்மிஷன் கொடுக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். பக்கத்து இலைக்காரர், "நான் மாப்பிள்ளை சைடு, நீங்க?" என்று கேட்டார். எனக்கு இருப்பது ஒரே பெண், அதனால் "பொண்ணு சைடு" என்றேன். இரண்டாவது ஒப்பிட்டுப் போளியும் வாங்கித் தின்றுவிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வந்தால் ஜீவிதா வாசலில் நிற்கிறாள். "அப்பா, அது கல்யாண மண்டபம். காலேஜ் மேல் மாடியில இருக்கு" என்றாள்.

இப்படி ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கல்லூரியின் சரித்திரமே அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. அரிசி மில் முதலாளி தொட்டையன் என்பவர் தன் சம்சாரம் மல்லம்மா பேரில் அந்த மண்டபத்தைக் கட்டினார். ஆஷாட மாசம் வந்தால் இந்தப் பக்கத்தில் கல்யாணம் கிடையாது, நம்ம ஆடி மாதிரி. மண்டபம் ஒரு மாசம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு ஆஷாடத்தில் பத்து டைப்ரைட்டிங் மெஷினை உள்ளே இறக்கி வகுப்பு ஆரம்பித்தார். மாசம் முடிந்து கல்யாணக்காரர்கள் வந்தபோது பிள்ளைகள் எழுந்து போகமாட்டோம் என்றார்களாம். அதனால் மேலே ஒரு மாடி எழும்பியது. பிளஸ் டூ மாதிரியான பி.யு.சி. வந்தது, தொண்ணூற்றொன்றில் பி.ஏ., அப்புறம் பி.காம்., பி.பி.ஏ., கடைசியாக பி.சி.ஏ. பேர்கூட மல்லம்மா முதல்தரக் கல்லூரி என்று ஆகிவிட்டது. முதல்தரம் என்பது நான் சேர்த்தது இல்லை, கர்நாடகாவில் டிகிரி காலேஜுக்கு அப்படித்தான் பேர்.

பாடத்திட்டம் கேட்டிருந்தீங்க. பி.சி.ஏ.வுக்கு ஏசி ரூம், முப்பது கம்ப்யூட்டர். பி.காம்.முக்குப் பெரிய ஹால். பி.ஏ.வில் சரித்திரம், பொருளாதாரம், கன்னடம். அந்த பி.ஏ. வகுப்பு நடக்கிறது மண்டபத்தில் பொண்ணு அலங்காரம் பண்ற ரூமில். நாலு சுவத்துலயும் கண்ணாடி. சரித்திர வாத்தியார் மஞ்சுநாத், ஒல்லியான மனுஷன், பொருளாதாரமும் அவர்தான், லைப்ரரி சாவியும் அவர்கிட்டதான், மணி அடிக்கிறதும் அவர்தான். "கண்ணாடியில பாத்தா ஒன்பது பேர் முப்பத்தாறு பேரா தெரிவாங்க, அந்த சந்தோஷத்துலயே பாடம் நடத்திருவேன்"னு சொல்றாரு. முகூர்த்த நாள்ல பி.ஏ.வுக்கு லீவு. இதை ரவிக்குமார் வீட்டில் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு பெரிய மைசூர்ல வேற காலேஜே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. கவர்மெண்ட் காலேஜுக்குத்தான் ஜீவிதா ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டா. கடைசி நாள், பிரவுசிங் சென்டர்ல இருந்து போன் பண்றா, "அப்பா, உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கு, சொல்லு, ஹேளப்பா." நான் ஒரு பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டிக்கிட்டு இருக்கேன். மெசேஜைப் பாத்தா, யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கு. இப்பல்லாம் கம்ப்யூட்டர் பெத்த பொண்ணு குரல்லயே பேசி ஏமாத்துதுன்னு நியூஸ்ல காட்டினாங்களே. "நீ ஜீவிதாவே இல்ல, போனை வைடி"ன்னுட்டேன். மூணு தடவை கூப்பிட்டா. மூணாந்தடவை அழுதா. எவ்வளவு நல்லா அழுவுது பாரு இந்த மெஷின்னு பக்கத்துல இருந்த நம்ம ஆளு கரியப்பன்கிட்டயும் காட்டினேன். அஞ்சு மணிக்கு அப்ளிகேஷன் மூடிட்டாங்க. வீட்டுக்குப் போனா உங்க தங்கச்சி சோத்தைப் போட்டா, பேச்சைப் போடல. நாலு நாள்.

அப்படித்தான் மல்லம்மா காலேஜ். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. போன வருஷம் பி.ஏ.வுக்கு ஒரு ஆளும் சேரல. இந்த வருஷம் ஆஷாடம் முடியறதுக்குள்ள பத்துப் பேர் சேந்தாத்தான் பி.ஏ. நடக்கும், இல்லாட்டி ஒரேயடியா மூடிருவோம்னு தொட்டையன் மகன் சொல்லிட்டாராம். நீங்க போன்ல, "மாப்ள, அந்தப் பாடமே தொறக்கலைன்னா அப்பறம் என்ன சாக்கு? ஆவணியில பொண்ணு பாக்க வந்துருவோம்"னீங்க. நானும் சரின்னு வாக்குக் குடுத்தேன். பத்துப் பேர் என்ன பெரிய விஷயம், பத்துப் பேரைக் கூட்டாம எந்தக் காங்கிரீட்டு போட்டிருக்கேன்னு நெனச்சுட்டேன்.

ஒன்பது வரைக்கும் வந்துச்சு மச்சான். எங்கேயும் எடம் கிடைக்காத பசங்க அஞ்சு பேர், காப்பித் தோட்டத்துப் பக்கத்துல இருந்து அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ரிட்டயர்டு தபால்காரர் காளிதாஸ், நம்ம ஜீவிதா. அதோட நின்னுபோச்சு. இந்த மாதிரி சின்ன காலேஜ்ல வாத்தியாருங்களே வீடு வீடாப் போயி பிள்ளை பிடிச்சுக்கிட்டு வரணும், இல்லாட்டி வேலை போயிரும். மஞ்சுநாத் ஒத்தை ஆளா ஸ்கூட்டர்ல சுத்தறதைப் பாத்து, நானும் பின்னாடி ஏறிக்கிட்டேன். நோட்டீஸ் கன்னடத்துல இருக்கு. இருவத்திரண்டு வருஷமா மைசூர்ல இருக்கேன், கன்னடத்துல சண்டை போடுவேன், பேரம் பேசுவேன், படிக்க மட்டும் வராது. உங்க தங்கச்சி சப்பாத்தி தேச்சுக்கிட்டே வாசிச்சுக் காட்டினா, நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். அதனாலதான் மேல எழுதின சரித்திரம் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு.

ஆஷாட வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைக்குக் கூட்டம் கூட்டமா வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். படிக்கட்டு அடிவாரத்துல நானும் மஞ்சுநாத்தும் நோட்டீஸோட நின்னோம். பாதிப் பேரு அன்னதான டோக்கன்னு நெனச்சு வாங்கிட்டு, "பந்தி எங்கே"ன்னு கேட்டாங்க. தேவம்மான்னு ஒரு அம்மா மட்டும் பேரனைக் கூட்டிக்கிட்டு நின்னு, நான் எண்பத்தாறுல ஆரம்பிச்சு பி.சி.ஏ. வரைக்கும் ஒப்பிச்ச மொத்தத்தையும் கேட்டுது.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

"என் பிள்ளையையே சேக்கறேன் தாயி, அப்பறம் என்ன?"

"உன் பிள்ளை பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"அதான பாத்தேன். பையனா இருந்தா சேப்பியா நீ?"

நோட்டீஸை நாலா மடிச்சு அதுல புளியோகரைச் சோத்தை வாங்கி வச்சுக்கிட்டுப் போயிருச்சு. மஞ்சுநாத் என்னைப் பாக்கல, நானும் அவரைப் பாக்கல.

நேத்து ஒரு வழி பிறந்துச்சுன்னு நெனச்சேன். கரியப்பன் மகன் தருண்குமார், பி.யு.சி. முடிச்சுட்டு செல்போன் நோண்டிக்கிட்டு இருக்கான். அவங்கப்பனை மூணு நாள் கெஞ்சி, அவனை என் பைக்ல ஏத்தி, வழியில மசால் தோசை வாங்கிக் குடுத்து, கேட் வரைக்கும் சரித்திரத்தோட பெருமையைச் சொல்லிக்கிட்டே கொண்டுபோனேன். "எனக்கு ராஜா கதைன்னா உயிர் அங்கிள்"னான். பாரத்துல கையெழுத்துப் போட பேனா தேடி நான் கீழே போயிட்டு வர்றதுக்குள்ள, பி.சி.ஏ. ரூம் கதவு தெறந்திருக்கு, ஏசி காத்து மூஞ்சியில அடிச்சிருக்கு. திரும்பி வந்தா பையன் பி.சி.ஏ.! அந்த வகுப்பு மேடம் என்கிட்ட வந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார், நமக்கு அறுபதாவது ஆளு"ன்னாங்க. நான் பி.ஏ.வுக்கு ஒரு ஆளு தேடி, நல்லா இருக்கிற பி.சி.ஏ.வை நெறச்சுக் குடுத்துட்டு வந்தேன்.

ஜீவிதாவுக்கு ஏன் இந்தச் சரித்திரப் பைத்தியம்னு கேட்டீங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தப்ப ஒரு கல்லுல பழைய எழுத்து இருந்துச்சு. "அப்பா, இது தமிழா? நீ படி"ன்னா. நாலு எழுத்து பிடிபட்டுது, அர்த்தம் பிடிபடல. "உனக்குத் தெரியல, எனக்குத் தெரியல, அப்ப யாருக்குத்தான் தெரியும்?"னு கேட்டா. அன்னியில இருந்து இதேதான். நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, பி.ஏ. முதல் வருஷம்னு எழுதி அடுக்கி வச்சிருக்கா.

நாளன்னைக்கு வியாழக்கிழமையோட ஆஷாடம் முடியுது. பத்தாவது ஆள் இல்லை. வாக்குன்னா வாக்குத்தான். ஆவணியில நல்ல நாள் பாத்து ரவிக்குமார் வீட்டாரைக் கூட்டிக்கிட்டு வாங்க. உரக்கடை வச்சிருக்கிற பையன், நல்ல குணம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஜீவிதாகிட்ட இன்னும் சொல்லல, நீங்க வர்றதுக்குள்ள சொல்லிருவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. மாடு கன்று ஈன்றதும் தகவல் சொல்லவும். மாதேசுவரன் தன் மலையிலிருந்து நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நம்பிக்கையுடன் முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
காளியப்பன்

பி.கு.: இன்று வியாழக்கிழமை. மச்சான், ஆவணியில் வர வேண்டாம். வருவதானால் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேலே எழுதினதை உங்க தங்கச்சி நேத்தே என் டூல்ஸ் பையில இருந்து எடுத்து வாசிச்சுட்டா. கிழிப்பாளோன்னு பயந்தேன். "கீழ கொஞ்சம் எடம் இருக்குதல்ல, நாளைக்கு அதையும் எழுதிப் போஸ்ட் பண்ணுங்க"ன்னா. என்ன எழுதணும்னு கேட்டதுக்கு, பையை மூடி என் கையில குடுத்தா. இன்னிக்குக் காத்தால தலைக்குக் குளிச்சுட்டு, பீரோவுல சேலைக்கு அடியில இருந்து ஒரு கவரை எடுத்தா. அவளோட பி.யு.சி. மார்க் கார்டு, ஒரு மடிப்புகூட கலையாம. நேரா காலேஜுக்குப் போயி, "பி.ஏ.வுக்குப் பத்தாவது ஆளு நானுங்க"ன்னு நின்னுட்டா. மஞ்சுநாத் கையில இருந்த சாவிக்கொத்து கீழ விழுந்துருச்சு. ஜீவிதா கட்டிப்பிடிச்சுக்கிட்டு, அடுத்த நிமிஷமே, "அம்மா, கிளாஸ்ல என்னைக் கண்ணுன்னு கூப்பிடக் கூடாது"ன்னு கண்டிஷன் போட்டா. வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பம். முகூர்த்த நாள் லீவு.

பிரின்சிபால் அம்மா பாரத்தைப் பாத்துட்டு, "பர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருக்கீங்களே, இத்தனை வருஷம் ஏம்மா மேல படிக்கல?"ன்னு கேட்டாங்க. உங்க தங்கச்சி, "நேரம் கூடி வரலீங்க"ன்னா. நான் அவளைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கொல்லைப்பக்கம் நின்னு, "கல்யாணம் ஆனப்பறம் காலேஜுக்கு அனுப்புவீங்களா?"ன்னு அவ கேட்டா, நான் "பாக்கலாம்"னு சொன்னதோட சரி, அப்பறம் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கல. அதைப் பிரின்சிபால் ரூம்ல அவ பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்த நான்தான் சொல்லியிருக்கணும் மச்சான். வாய் வரைக்கும் வந்துது. சொல்லல.