கன்ட்ரோல் எஸ்ஸும் கரைவலையும்

“...அதில்ல தம்பி, கதிரையில இருந்து தட்டுறதை ஒரு வேலையெண்டு நான் ஊருக்கு எப்பிடிச் சொல்லுறது?”

கடலோர உடப்பில், கரையில் நின்று ஆட்கள் இழுக்கும் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டியார், தன் மகளைப் பெண் கேட்டுப் போன என்னிடம் இப்படித்தான் கதையைத் தொடங்கினார். (முன்பாதியை மனதுக்குள்ளேயே ஏசி முடித்திருப்பார்.)

நான் முன்னேஸ்வரத்து ஆள். காணொளி பார்த்தே புரோகிராம் எழுதப் பழகியவன். அரைகுறைக்குத்தான் குறுக்குவழியில் ஆசை அதிகம். எழுதியதைச் சேமிக்க ஒரு விசை, கம்பைல் பண்ண ஒன்று, ஓடவிட ஒன்று என்று எவன் தட்டிக்கொண்டிருப்பான்? எடிட்டரின் அமைப்புக்குள் புகுந்து மூன்றையும் கன்ட்ரோல் எஸ்ஸிலேயே கட்டிவிட்டேன். சேமித்தால் போதும், கம்பைலாகி ஓடியும்விடும். இலங்கையிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று நினைப்பு.

சம்மாட்டியாரை மடக்க ஒரு புரோகிராமும் வைத்திருந்தேன். தோணியில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டதும், இழுக்க ஆள் கூப்பிட சைக்கிளில் வீடு வீடாகப் போவதுதான் அங்கே வழக்கம். என் புரோகிராம், கணினியோடு பொருத்திய கைபேசியிலிருந்து வலை இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரேயடியாகக் குறுஞ்செய்தி அனுப்பும். இலக்கங்களை அவர் மகளே களவாகத் தந்திருந்தாள். அன்றைக்கு எதையும் அனுப்பாமல், திரையில் காட்டிவிட்டு வருவதுதான் திட்டம்.

‘வலை வளைச்சாச்சு, கரைக்கு வாங்க.’

அவர் குனிந்து வாசித்தார். “மேல அம்மன் துணை எண்டு போடல்லையா?”

போட்டேன். கை தன்பாட்டில் கன்ட்ரோல் எஸ்ஸைத் தட்டியது.

“கெதியா வாங்க எண்டு போடுங்க.”

போட்டேன், தட்டினேன்.

“ஆரு கூப்பிடுறதெண்டு தெரிய வேணாமா? என்ட பேரையும் போடுங்க.”

அதையும் போட்டுத் தட்டினேன்.

“இப்ப வடிவா இருக்கு” என்றார். பாதி மாப்பிள்ளையாகிவிட்டேன் என்று நான் பூரித்திருந்தபோது, வேலிக்கு வெளியே சனம் ஓடும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் கரையில் பாதி ஊர் நிற்கிறது. ஒருவர் முகத்தில் பாதிச் சவரம். மீன் வியாபாரி ஐஸ் பெட்டியோடு. வலையோ தோணியில், தோணியோ மணலில் காய்ந்து கிடக்கிறது. நான் சேமித்த ஒவ்வொரு தடவையும் புரோகிராம் ஓடி, மூன்று திருத்தமும் மூன்று அழைப்பாகப் போயிருந்தன.

“சம்மாட்டியார், மூண்டு தரம் கூப்பிட்டீங்களே. மீன் அவ்வளவு கிடக்கோ?”

கடைசிச் செய்தியில் இருந்தது அவர் பெயர். இந்தத் தம்பியின் கூத்து என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நான் அப்படியே சிலாபம் பஸ்ஸில் ஏறிவிடலாம். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

“தோணியைத் தள்ளுங்க. வந்த சனம் சும்மா போகக் கூடாது.”

கொஞ்சம் சூடை மீனும் நிறையப் பாசியும் வந்தன. நானும் கயிறு இழுத்தேன், உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. உடப்பில் இன்றைக்கும் யாராவது சொன்னதையே சொன்னால், “கம்பியூட்டர் தம்பி மாதிரிக் கூப்பிடாத” என்கிறார்கள்.

வலை கரையேறிய பிறகு சம்மாட்டியார் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கைபேசியை எடுத்து மகளுக்கு அடித்தார்.

“பிள்ளை, அரிசி ஒரு சுண்டு கூடப் போடு. ஓம், அந்தத் தட்டுற ஆள்தான்.”