டைப் துரைராசுவின் சுண்டுவிரல்

"டைப்ரைட்டர் ரிப்பன் காஞ்சு போச்சு பிரபு," என்றார் துரைராசு. வாயில் வந்த முதல் பொய் அதுதான்.

வாசலில் நின்ற வார்டு மெம்பர் பிரபு நகரவில்லை. அவன் பின்னால் மனைவி ஜெயபாரதி நின்றாள்.

"பெரியப்பா, வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை. கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி வரல. நாத்து மஞ்சளாயிடுச்சு. திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு குடுத்தே ஆகணும்."

"நீடாமங்கலத்துல கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கயேன்."

"அது கல்யாண நோட்டீஸ் மாதிரி இருக்கும். நம்ம மெஷின்ல அடிச்சாத்தான் எழுத்து தாள்ல குழி விழுந்து நிக்கும். ஆபீசரே ஒருதரம் தடவிப் பாப்பாரு. டைப் துரைராசு மனுன்னா சும்மாவா?"

அந்தப் பட்டப்பெயருக்கு முப்பது வயது. துரைராசுவுக்கு டைப் தெரியாது. அடித்ததெல்லாம் மனைவி பிரகதாம்பாள். கல்யாணத்துக்கு முன்பே டைப் பரீட்சையில் ஹையர் பாஸ் செய்தவள்.

மனு கேட்டு ஆள் வந்தால் துரைராசு கம்பீரமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அப்படியே பின்வாசல் வழியாக மாட்டுக்கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். உள்ளே பிரகதாம்பாள் அடிக்கும் சத்தம் நின்றதும் திரும்பி வந்து, தாளும் கையுமாக ஊருக்கு முன் தோன்றுவார். மறக்காமல் விரல்களைச் சொடுக்கிக்கொள்வார்.

பிரகதாம்பாள் செத்துப்போய் மூன்று மாதம். மெஷினுக்கு அவள் தைத்த உறையை அவர் இன்னும் எடுக்கவில்லை.

மறுநாள் பிரபு கும்பகோணம் போய் ரிப்பனோடு வந்தான். "ஒரே கடையிலதான் இருந்துச்சு. ரெண்டா வாங்கிட்டேன்."

"சுண்டுவிரல்ல சுளுக்கு," என்றார் துரைராசு.

ஒரு மணி நேரத்தில் சுளுக்கு எடுக்கும் நீலமேகம் விளக்கெண்ணெயோடு வந்து சேர்ந்தார்.

"எந்தக் கைங்க?"

துரைராசு யோசித்து வலது கையை நீட்டினார். நீலமேகம் நீவிப் பார்த்தார். "சுளுக்கே இல்லையே."

"உள்சுளுக்கு."

"அப்ப ஆழமா இழுக்கணும்."

இழுத்தார். கொட்டகையில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது. சாயங்காலத்துக்குள் சுண்டுவிரல் வாழைப்பிஞ்சு கணக்காக வீங்கிவிட்டது. இப்போது நிஜமாகவே சுளுக்கு.

"மிச்சம் ஒம்போது விரல் இருக்குல்ல," என்றான் பிரபு.

"கண்ணும் மங்குதுப்பா. எழுத்து தெரியல."

"டைப் தெரிஞ்சவன் எழுத்துக் கட்டையைக் குனிஞ்சு பாக்கவே மாட்டான்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சொல்லியிருந்தார். ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். துரைராசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பழக்கத்தில் கால் பின்வாசலுக்குப் போனது. பாதி வழியில் நின்று திரும்பினார். உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அவள் முக்காலியில் உட்கார்ந்தார்.

‘அ’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தட்.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றது பிரபுவின் குரல்.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு தட்.

"யோசிச்சு அடிக்கிறாரு."

மதியத்துக்குள் ‘அனுப்புநர்’ என்பதில் முக்கால்வாசி முடிந்திருந்தது. இந்த வேகத்தில் ஊர்ப்பெயர் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். மஞ்சள் பூத்த நாற்று கண்ணில் வந்தது. எழுந்து கதவைத் திறந்தார்.

"எனக்கு டைப் தெரியாது. என்னைக்குமே தெரியாது. முப்பது வருஷமா எல்லாம் அவதான் அடிச்சா. என் பேரைக் காப்பாத்திக்கிட்டு இருந்தா உங்க நாத்து செத்துரும். சாயங்காலத்துக்குள்ள வேற எங்கயாச்சும் அடிச்சுக்குங்க."

பிரபுவுக்குத்தான் ஆறவில்லை.

"என்ன பெரியப்பா இது! பொண்டாட்டி உழைப்பைத் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களா? பெரியம்மா எப்படிப் பொறுத்துக்கிட்டாங்க? எங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா ஒரு நாள், ஒரே நாள் எனக்குத் தெரியாம இருக்குமா?"

ஜெயபாரதி அவனைத் தாண்டி அறைக்குள் போனாள். முக்காலியில் உட்கார்ந்து, துரைராசுவின் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் சொருகினாள். குனிந்து பாராமலே அடிக்கத் தொடங்கினாள்.

"அத்தைக்கு விரல் மரத்துப்போன ஆறு வருஷமா, சமையக்கட்டு வழியா வந்து நான்தான் மாமா அடிச்சேன், உங்க வாயால நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாங்க."