பெருங்குடி பெண்கள் சைக்கிள் சங்கம் பற்றி ஒரு திருத்தம்

பெருங்குடி,
வெள்ளிக்கிழமை இரவு.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் இப்படிக் கேட்பது வாட்ஸ்அப் குரூப்பில் ரகசியம் சொல்வது போல என்று எனக்கே தெரிகிறது. ஆனால் பெருங்குடியில் எனக்குத் தெரிந்த முகவரி உங்களுடையது மட்டும்தான், அதுவும் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சடித்திருப்பதால். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் தெருவில் கேட் கேட்டாகப் பத்திரிகையைச் செருகிவிட்டுப் போகும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. போர்வைக்குள் செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு நாலாவது தடவையாக இதை எழுதுகிறேன். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் எதிர்வீட்டுக்காரர் அப்பாவுக்கு போன் செய்துவிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் கரோல். மூன்று வாரத்துக்கு முன்னால் தாங்கள் மூன்றாம் பக்கத்தில் என் புகைப்படத்தோடு வெளியிட்ட ‘எங்கள் ஊரில் சைக்கிள்: அன்றும் இன்றும்’ என்ற கட்டுரையை எழுதியவள். அதில் ‘இன்று’ என்ற பகுதி முழுக்க உண்மை. ‘அன்று’ என்ற பகுதியில் ஏரி ஒன்றுதான் உண்மை.

நான் பொய் சொல்லும் பெண் இல்லை ஐயா. இசக்கியம்மாள் டீச்சர் தமிழ் வகுப்பில், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றார். எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் அப்பா ஒருவர்தான். ராத்திரி முழுக்க ஐ.டி. கம்பெனிக்காரர்களைக் காரில் கொண்டுபோய் அவரவர் வீட்டில் விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். நான் பள்ளியிலிருந்து திரும்பிய பிறகுதான் எழுந்திருப்பார். அம்மா மஸ்கட்டில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார். சாந்தோமிலிருந்து நாங்கள் இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பெருங்குடி அன்று எப்படி இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. இன்று எப்படி இருக்கிறது என்பதும் இருட்டில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். இருந்தாலும் கேட்டேன். “சைக்கிள்ல எழுதறதுக்கு இன்னா கீது? மிதிச்சா போவும், வுட்டா வுயும்” என்று திரும்பிப் படுத்தார். பிறகு பாதித் தூக்கத்தில், சின்ன வயதில் ஒரு மைதானத்தில் ஒரு ஆள் மூன்று நாள் கீழே இறங்காமல் சைக்கிளிலேயே சுற்றினான், தின்றது குளித்தது எல்லாம் சைக்கிள் மேலேயே, மைக் செட் போட்டு ஊரே வேடிக்கை பார்த்தது என்றார். எந்த மைதானம் என்று நான் கேட்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அந்த ஆளை நான் ஒரு பெண்ணாக்கி, பெருங்குடி ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, 1978 என்று ஒரு வருடத்தைப் போட்டேன். மூன்று நாள் ஒரு பெண் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் பாவமாக இருக்கும் என்று, அவள் கூடவே ஓடி ஓடி இட்லி ஊட்டவும் தலை பின்னவும் ஆறு தோழிகளைச் சேர்த்தேன். ஏழு பேர் ஆகிவிட்டதால் ‘பெருங்குடி பெண்கள் சைக்கிள் சங்கம்’ என்று பெயர் வைத்தேன். தோழிகளுக்கு என் பழைய பள்ளிக்கூடத் தோழிகளின் பெயர்களையே கொடுத்துவிட்டேன். சுற்றும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காலத்துப் பெயராக வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் நான் தினமும் படிக்கும் ஒரே போர்டு, ‘ஹாஜிரா பீ, லேடீஸ் டைலர், பிளவுஸ், ஃபால்ஸ், பிகோ’. எடுத்து எழுதிவிட்டேன். அந்தப் பெயரில் உள்ளே ஒரு ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை, சத்தியமாக.

டீச்சர் அதைத் தங்களுக்கு அனுப்பினார், தாங்கள் வெளியிட்டீர்கள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளே டீக்கடையில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சங்கரன் சார், அந்தச் சங்கத்து சைக்கிள்களுக்கெல்லாம் காற்றடித்துக் கொடுத்ததே தான்தான் என்று சொன்னாராம். இன்னொருவர் வேட்டியைத் தூக்கி, மூன்றாம் நாள் அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் தன் மேல் ஏற்றிய தழும்பு இது என்று முழங்காலைக் காட்டினாராம். மைக்கில் அறிவிப்புச் செய்தது நான்தான் என்று மூன்று பேர் சொல்லி, அவர்களுக்குள் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மஸ்கட்டில் அம்மா என் கட்டுரையைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, “அங்க உனக்கு இத்தன பேரைத் தெரியுமா பாப்பா, இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு” என்று குரல் செய்தி அனுப்பினார். அதைக் கேட்ட பிறகு யாரிடம் போய் நான் உண்மையைச் சொல்வது, தாங்களே சொல்லுங்கள்.

இதற்குள் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் செம்பியன் சார் வந்துவிட்டார். ஞாயிறு காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும் போட்டுக்கொண்டு நாற்பது பேரோடு மகாபலிபுரம் வரை சைக்கிளில் போய் வருகிறவர் அவர்தான். “நமக்கு முன்னாடியே இங்க ஒரு வரலாறு இருந்திருக்கு பாருங்க” என்று எல்லாரிடமும் சொல்லி, பொன்னாடையும் பழத்தட்டும் வாங்கி, எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு நேரே அந்த போர்டுக்குப் போனார். கட்டுரையாளர் என்று என்னையும் முன்னால் நிறுத்தினார்கள். உள்ளே உண்மையாகவே ஒரு அம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுபத்து நாலு வயது. அது நான் இல்லை என்று சொல்லிவிடுவார், அன்றைக்கே அடி வாங்கி முடித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஹாஜிரா ஆன்ட்டி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், எங்கள் பத்துப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், “ஆமா, நான்தான். ஏன் வாசல்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க” என்றார். எட்டு டம்ளரில் பத்துப் பேருக்கு டீ வந்தது. போதாக்குறைக்கு, கட்டுரையில் ஒரு தப்பு இருக்கிறது, மூன்று நாள் இல்லை, மூன்றேகால் நாள் என்றார். செம்பியன் சார் அதைக் குறித்துக்கொண்டார். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரை மைதானத்தில் பாராட்டு விழா, நாளுக்கு ஒன்றாக மூன்று சுற்று ஹாஜிரா பீ அவர்களே சைக்கிள் ஓட்டித் தொடங்கிவைப்பார், கால் நாளை மட்டும் வயதை முன்னிட்டு விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் சாயங்காலம் தனியாகப் போய், அது நான் சும்மா எழுதியது என்று அழுதேன். அவர் மிஷினை நிறுத்தவே இல்லை.

“எனக்குத் தெரியாதா? அந்த வருசம் நான் ராயப்பேட்டைல கீறேன். பெருங்குடி கெழக்கா மேக்கான்னு கூடத் தெரியாது. சைக்கிள் மேல ஒரு நாளும் குந்தினது கெடையாது.”

அப்புறம் ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டேன். தையலை ஓரம் வரைக்கும் ஓட்டி, நூலைக் கடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“ஒம்போது வருசமா இந்தத் தெருவுல கீறேன், பேட்டா. வாசல்ல நின்னுக்கினே துணி குடுப்பாங்க, வாசல்ல நின்னுக்கினே வாங்கினு போவாங்க. அன்னைக்குத்தான் பத்துப் பேரு உள்ள வந்து குந்துனாங்க. நான் இல்லன்னு சொல்லி எழுப்பி வுடறதா?”

பிறகு, உனக்காவது ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு விடியற்காலையில் வா என்றார்.

விழாவுக்கென்று செம்பியன் சார் எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்த பழைய கறுப்பு லேடீஸ் சைக்கிள் ஆன்ட்டி வீட்டில்தான் இருந்தது. பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்தில் தினமும் காலை ஐந்து மணிக்கு, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்டத் தெரியாத இன்னொருவர் பிடித்துக்கொள்ள, பயிற்சி தொடங்கியது. நாற்பது வருடமாக பெடல் மிதிக்கிறேன், ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை, இதுவாவது நகரட்டும் என்றார் ஆன்ட்டி. நகர்ந்தது, ஆனால் அவருடைய கால்களுக்குத் தையல் மிஷின்தான் தெரியும். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் அழுத்துவார். சைக்கிள் ஒரு முறை யோசித்துவிட்டுப் பக்கவாட்டில் படுத்துவிடும். கால் பழகியதும் கை வேலையைக் காட்டியது. மிஷினை நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்துச் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பது அவர் வழக்கம். அதனால் சைக்கிளை நிறுத்த வேண்டும் என்று தோன்றிய உடனே பிரேக்கை விட்டுவிட்டுக் குனிந்து முன்சக்கரத்தைத் தேடுவார். ஆபீஸ் பெருக்கப் போகும் முனியம்மாள் அக்கா தினமும் அந்த வழியாகத்தான் துடைப்பத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். “இன்னா யம்மா, சைக்கிள கைல புட்ச்சிக்கினு வாக்கிங் இட்டுனு போறீங்களா?” என்று கேட்டுவிட்டு மணியடிக்காமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பின்னால் டூட்டி முடிந்த வாட்ச்மேன்கள் நாலைந்து பேர் போவார்கள். பெருங்குடியில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு இவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் உண்மையான குற்றம். எட்டாம் நாளே எனக்கு ஓட்ட வந்துவிட்டது ஐயா. ஆன்ட்டி டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று வந்துவிட்டது, மண்டபத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினேன். சொல்லவில்லை. சொன்னால் நான் பாஸ், அவர் மட்டும் ஃபெயில், பிறகு எதற்கு நான் தினமும் வர வேண்டும். அதனால் அவர் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே விழுந்தேன். விழுந்ததும் இரண்டு பேரும் சிரிப்போம், தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார், வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிடுவோம், நான் வீட்டுக்கு வந்து தூங்குவது போல் படுத்துக்கொண்டால் ஏழு மணிக்கு அப்பா வருவார்.

நேற்று பதினோராம் நாள். ஆன்ட்டி முதல்முறையாக யாரும் பிடிக்காமல் இருபதடி போனார். சந்தோஷத்தில் நிறுத்த நினைத்தார் போல. கை சக்கரத்துக்குப் போய்விட்டது. இரண்டு விரல் கம்பியில் சிக்கித் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது, அதுவும் ஊசி பிடிக்கிற கை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சைக்கிளை எடுத்தேன், ஏறினேன், மெயின் ரோட்டில் விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடை வரை மிதித்தேன், பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்து இறங்கினேன். இறங்கின பிறகுதான் நான் எப்படிப் போய்வந்தேன் என்பது எனக்கே உறைத்தது.

ஆன்ட்டி என் காலையும் சைக்கிளையும் பார்த்தார். “எத்தினி நாளா?” என்றார்.

“மூணு நாளா.”

கட்டுப் போடக் கையை மட்டும் நீட்டினார். முடிந்ததும், “நாளைலேந்து வராத” என்றார்.

இன்று காலை போனேன். கதவு சாத்தியிருந்தது. சாயங்காலமும் போனேன். மிஷின் சத்தமே இல்லை. நாளை மறுநாள் அந்தக் கையோடு அவர் ஊர் முன்னால் சைக்கிளில் ஏற வேண்டும், ஏறினால் விழுவார், ஏறாவிட்டால் பொன்னாடை போர்த்தின அதே பத்துப் பேர் சிரிப்பார்கள், மறுபடி வாசலோடு போய்விடுவார்கள். ஆகவே இந்த ஞாயிறு இதழில், விழாவுக்கு முன்னால் எல்லார் கைக்கும் கிடைக்கும்படி, ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அப்படி ஒரு சங்கம் இருந்ததேயில்லை, கரோல் கற்பனையாக எழுதினாள், அவள் காலில் விழுந்து கெஞ்சியதால்தான் ஹாஜிரா பீ அவர்கள் மனமிரங்கி ஆமாம் என்றார் என்று போடுங்கள். நான் கெஞ்சவில்லைதான், ஆனால் அப்படியே போடுங்கள். என் பெயரைப் போடலாம், புகைப்படம் வேண்டாம். படம் இருந்தால்தான் அம்மா எல்லாருக்கும் அனுப்புவார். மற்றபடி இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் எல்லாருக்கும் தெரியப்படுத்தும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். விடிந்ததும் தங்கள் அலுவலக வாசல் பெட்டியில் நானே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன்.

தங்கள் அச்சு இயந்திரத்துக்கு ஒரு கோளாறும் வராமல் இருக்க மாதாவிடம் மன்றாடும்,

ரா. கரோல்,
ஒன்பதாம் வகுப்பு.

பி.கு.: மேலே எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். அப்படி ஒரு சங்கம் இருந்ததேயில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். பதினோரு நாள் இருந்தது. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு ஓட்டத் தெரியாது, இன்னொருவர் தெரியாத மாதிரி நடித்தார். அதனால் திருத்தம் எதுவும் வேண்டாம் ஐயா, 1978 என்பதை அடித்துவிட்டு இந்த வருடத்தைப் போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டால் மூன்று சுற்றையும் நானே மிதித்துவிடுவேன். அவர் எல்லாருக்கும் கையாட்டினால் போதும், கட்டுப் போட்ட கையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, நான் போனால் கதவை

யாரோ தட்டுகிறார்கள். மணி நாலே முக்கால். அப்பாவிடம் சாவி இருக்கிறது, அப்பா தட்டமாட்டார். இந்த வீட்டுக் கதவை வேறு யாரும் தட்டியதே இல்லை ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது, டார்ச்சை அணைக்கப் போகிறேன். இப்போது வெளியே சைக்கிள் மணியும் அடி