பன்னிரண்டு சொற்களும் ஏகமனதாக

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்தில், ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த எங்கள் தோட்டத்துக் கோயிலில் சமையல் கொட்டகைக்குக் கூரை இல்லை. திருவிழாவுக்கு ஒரு மாதம்தான். அந்த நேரத்தில், இங்கே பிறந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் சுரேன் அண்ணன் எட்டாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், நன்கொடை அளித்தார். நோட்டாக இல்லை, கிரிப்டோவாக.

உடனே ‘மின்னிலக்க நன்கொடைப் பாதுகாப்புத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. தொழில்நுட்ப அதிகாரி நான், துளசி. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு ஈப்போவில் கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறவள். தகுதி, நான்கு காணொளி பார்த்திருந்தேன். மற்றவர்கள் அதுவும் பார்க்கவில்லை.

பாடம் நடத்தினேன். காசு இருப்பது வாலட்டில். அதன் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அங்கிருந்து எக்ஸ்சேஞ்ச் என்ற விற்பனைத் தளத்தில் கோயில் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பி, விற்று, வெள்ளியாகக் கோயிலின் பேங்க் கணக்குக்கு எடுக்க வேண்டும். முகவரியில் ஓர் எழுத்து தப்பினால் எல்லாம் போச்சு. அதனால் முதலில் பத்து வெள்ளி அனுப்பிப் பார்க்கணும்.

"பத்தா? நல்ல காரியம்மா, பதினொன்னா வையி," என்றார் தலைவர் கனகராஜ் ஐயா.

செயலாளர் புஷ்பராணி அக்கா முகவரியை உரக்கப் படித்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரைச் சாப்பு குத்தினோம். பதினொரு வெள்ளி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கைதட்டல்.

"மிச்சத்தையும் அனுப்பிடவா ஐயா?"

"அவசரப்படாதம்மா. சோதனை வெற்றின்னு கூட்டக் குறிப்புல ஏறி, அடுத்த கூட்டத்துல உறுதியாகணும். அது ரெண்டு வாரம் கழிச்சு."

அதுவரை அந்தப் பன்னிரண்டு சொற்கள் யாரிடம் இருப்பது?

"தங்கச்சிகிட்ட இருந்தா நாளைக்குப் பேச்சு வரும்," என்றார் பொருளாளர் பிச்சைமுத்து அண்ணன்.

"உங்ககிட்ட இருந்தா இன்னைக்கே வரும்ணே," என்றார் குழு உறுப்பினர் நல்லம்மாள் அக்கா.

"யாருக்கும் காட்டவே கூடாதுங்க ஐயா," என்றேன்.

"அது ரகசியம்மா. கோயில் காசுல ரகசியம் இருக்கலாமா? எல்லார்கிட்டயும் இருந்தா எவனும் எடுக்க மாட்டான் லா," என்றார் தலைவர்.

அங்கேயே நான் எழுந்து போயிருக்கணும். ஆனால் நற்சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள், காலேஜுக்கு உதவும். உட்கார்ந்து அந்தச் சொற்களைக் கூட்டக் குறிப்பில் தட்டினேன். ஒவ்வொரு சொல்லும் ஒருவரால் முன்மொழியப்பட்டு, இன்னொருவரால் வழிமொழியப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்பட்டது. ஏழாவது சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது. நான்தான் திருத்தினேன். விட்டிருந்தால் கூரை வந்திருக்கும்.

வழக்கப்படி குறிப்பு எழுபத்து மூன்று உறுப்பினர்களின் வாட்சாப் குழுவுக்குப் போனது. எல்லாரும் கும்பிடும் கை போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து எல்லார் முன்னிலையிலும் வாலட்டைத் திறந்தேன். பூஜ்யம்.

"யாராச்சும் தொறந்தீங்களா?" என்றார் தலைவர்.

"ஐயோ, அத எங்க போடுறதுன்னே எங்களுக்குத் தெரியாது," என்றார் நல்லம்மாள் அக்கா.

"அப்ப வெளியாள்தான். நேத்து எடுத்திருப்பான்," என்றார் புஷ்பராணி அக்கா.

"நேத்தா? சனிக்கிழமையே காலி லா," என்றார் பிச்சைமுத்து அண்ணன்.

"பொய்! வெள்ளிக்கிழமையே ஒன்னுமில்ல!" நல்லம்மாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

தலைவர் மேசையைத் தட்டினார். "எல்லாரும் பொய்! வியாழக்கிழமை மத்தியானம் முழுசா இருந்துச்சு, நானே பாத்தேன்!"

நான் தலையைக் குனிந்து குறிப்பெழுதினேன்.

வியாழக்கிழமை சாயங்காலமும் முழுசாகத்தான் இருந்தது. காலேஜ் கட்டணத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்று என் பெயரில் எக்ஸ்சேஞ்சில் ஒரு கணக்குத் திறந்துகொண்டிருந்தேன். அது அடையாளம் சரிபார்க்க என் முகத்தை இடது பக்கம் திருப்பச் சொன்னது, வலது பக்கம் திருப்பச் சொன்னது, கண்ணை மூடித் திறக்கச் சொன்னது. நான் நேர்மையானவள் என்று அது முடிவுசெய்வதற்குள் வேறு யாரோ முந்திக்கொண்டார்.