மெதுவாகக் கோபப்பட்ட வீரபத்திரர்

இலங்கை மலைநாட்டிலேயே கோபப்படத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை எங்கள் வீரபத்திரர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். கவ்வாத்து வெட்டப் போனால் தேயிலைச் செடியிடம், "கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை ஓங்குவார். காலில் ஏறிய அட்டையைக்கூட நசுக்காமல் எடுத்துப் பக்கத்துத் தோட்டத்து எல்லையில் விடுவார். அந்தத் தோட்டத்துக்காரர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று கேட்பீர்கள். டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிந்து சாம்பலாகும் கதை. அதில் சிவனின் கோபமே ஆளாகி வந்ததுபோல வீரபத்திரர் வருவார். சிவப்பு உடுப்பு, கையில் வாள், இடுப்பின் இரண்டு பக்கமும் வடக்கயிறு. தப்பு முழங்க அவர் ஜனங்கள் மேல் பாய்வார். கயிறு பிடிப்பவர்கள் இழுத்து அடக்க வேண்டும். வருஷம் முழுக்கச் சேர்ந்த கோபத்தை எங்கள் ஆள் அந்த ஒரு நாளில் செலவழித்துவிடுவார். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது, தான் பயமுறுத்தியவர்களை எல்லாம் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார்.

நான் அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை எட்டாது. அங்கே யாராவது பெருமூச்சு விட்டால் இங்கே என் விளக்கு ஆடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து அடிவயிற்றைக் காட்டினார். கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"தம்பி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. இது போன வருஷத்து மிச்சக் கோவம்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"கூத்துல முழுசா எறங்காம உள்ளயே தங்கிருச்சு. படுத்தா உள்ள போயிருது, எந்திரிச்சா வெளிய வந்துருது. கத்தியத் தூக்குனா உறுமுது. சாமி இல்லாம வேற என்னங்க?"

குடலிறக்கம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்து மருந்துக்காரரும் சொன்னார். அவர் கேட்கவில்லை. அறுத்தால் சாமி போய்விடும், அப்புறம் மாசியில் எதை வைத்துக் கோபப்படுவது என்பது அவர் கவலை. தலைப்பாகைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வலியோடு மலை ஏறினார். வலி தாங்காதபோது செடிகளுக்கு நடுவே குந்தி, வயிற்றைத் தடவி, "மாசி வரைக்கும் பொறு சாமி" என்று கெஞ்சுவார். அவர் மனைவி ராக்காயி அக்கா கொழுந்து பறிக்கிறவள். வீட்டுக்கு வந்தால் ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தே ஓய்ந்துபோனாள்.

மார்கழியில் சாமி பொறுக்கவில்லை. கவ்வாத்து மலையில் சுருண்டு விழுந்தார். வீக்கம் கல்லாகிவிட்டது, படுத்தும் உள்ளே போகவில்லை, வாந்தி நிற்கவில்லை. கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் படுக்க வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் போனால் ஏன் மெதுவாகப் போகிறாய் என்றும், வேகமாகப் போனால் ஏன் வேகமாகப் போகிறாய் என்றும் வழி நெடுக டிரைவரைத் திட்டினாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் குடல் அழுகி ஆள் போயிருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அறுத்துத் தைத்து முடிக்கும்வரை நான் விறாந்தையில் நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

மயக்கம் தெளிந்ததும் வீரபத்திரர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, உள்ள இருந்தது செவப்பா இருந்துச்சுங்களா?"

சிங்கள டாக்டர் தமக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார். "குடல்தான் இருந்தது. உள்ள போட்டுத் தைச்சாச்சு. மூணு மாசம் பாரம் தூக்க வேணாம், குதிக்க வேணாம், பலமா இரும வேணாம், சிரிக்க வேணாம். தையல் பிஞ்சா ஆள் தப்புறது கஷ்டம்."

அன்றிலிருந்து லயம் முழுவதும் பத்தியம் காத்தது. மிளகாய் வறுப்பதை அக்கா தடை செய்தாள், எங்கள் வீட்டிலும் சேர்த்துத்தான். தப்பு அடிப்பவர்கள் எங்கள் வாசல் வழியே வெறுங்கையோடுதான் போக வேண்டும். வேடிக்கையாகப் பேசுகிறவன் யாரும் அவர் காம்பராவுக்குள் நுழையக் கூடாது. நான் வாசலில் நின்று, மழை எப்போது விடும் என்பதைப் பற்றி மட்டும் பேசினேன். சுவருக்கு அப்பால் "ஆ... ஆ..." என்று தும்மல் கிளம்பினால், லயத்தில் அத்தனை பேரும் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருப்போம். தும்மல் வராமல் திரும்பிப் போனால் சாப்பாடு இறங்கும். வந்துவிட்டால் அக்காவின் குரல்தான் கேட்கும். "பிஞ்சிருச்சா? துணிய வெலக்கிக் காட்டுங்க!"

மாசி வந்தது. மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வீரபத்திரர் வேஷப்பெட்டியைத் திறந்தார்.

"வேண்டிக்கிட்டு எடுத்த வேஷம். உசுரு இருக்கைல விட்டுப்புட்டா நான் எப்புடி அந்த மண்ணுல நடப்பேன்?" என்றார். அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா திட்டினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில், "அப்ப ஒரு பக்கத்துக் கயித்த நான்தான் பிடிப்பேன்" என்றாள்.

ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி துள்ளினார். "பொம்பள கயிறு பிடிக்கிறதா! வழக்கமே இல்லையே!"

"தையல் பிஞ்சா குடல நீங்களா வந்து அள்ளி உள்ள வப்பீங்க?"

பெரிய கங்காணி வெற்றிலையை மென்றபடி வானத்தைப் பார்த்தார். மறுபக்கக் கயிறு என் கைக்கு வந்தது.

பொழுது சாயும் நேரம். காமன் பொட்டலில் தோட்டமே கூடியிருந்தது. கயிற்றை இடுப்பில் கட்டாமல் அக்குளுக்குக் கீழே கட்டியிருந்தோம். வீரபத்திரர் வாளோடு வந்து நின்றார். தப்புக்காரர்கள் அவர் வயிற்றைப் பார்த்துப் பார்த்து அடித்ததில், அடி பிள்ளையைத் தூங்கவைக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. மன்மதனை யாரும் பார்க்கவில்லை, ரதியை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்தச் சிவப்பு உடுப்பின் அடிப்பாகத்தில்தான் இருந்தது.

அவர் ஓர் அடி வைத்தார். வலி அவர் உடம்பில் சுண்டியது கயிறு வழியாக என் கைக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார். தப்புக்காரர்களுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்து அடி வேகம் பிடித்தது. அவர் முழங்கால்கள் மடங்கின. பாயப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். ஆனால் என் பலம் போதாது.

அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து அக்கா அடித்தொண்டையில் கத்தினாள்.

"ஏங்க! மெதுவா கோவப்படுங்க!"

வீரபத்திரர் அப்படியே நின்றார். அவர் உதட்டோரம் துடித்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது! குதித்தாலாவது தையல் தப்பலாம். அந்தச் சிரிப்பு வெடித்தால் தப்பவே தப்பாது.

அவர் அதை விழுங்கினார். விழுங்க விழுங்க அது மேலே வந்தது. முகம் வீங்கிச் சிவந்தது, கண்கள் பிதுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, மூக்கிலிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு சீறியது, உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. பெண்கள் குலவை போட்டார்கள். பெரிய கங்காணி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இத்தனை வருஷத்தில் இப்படியொரு உக்கிரத்தைப் பார்த்ததே இல்லை என்று பிற்பாடு பக்கத்துத் தோட்டங்களிலும் பேசிக்கொண்டார்கள். அது சிரிப்பு என்பது கயிறு பிடித்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "போதும்... மலையேறுங்க சாமி" என்றாள். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீரபத்திரர் மூச்சை மெல்ல மெல்ல விட்டு, வாளைக் கீழே போட்டுவிட்டு, அவள் காதருகே குனிந்தார். "பிய்யல புள்ள. அழுவாத" என்றார்.

பிறகொரு வருஷம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் இருவரும் கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போன மாதம் எனக்கும் அதே இடத்தில் அறுத்துத் தைத்தார்கள். சிரிக்கக் கூடாது என்று எங்கள் டாக்டரும் சொல்லியிருக்கிறார். கட்டிலில் படுத்தபடி இதை எழுதும்போது, வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நல்லவேளை, கண் கலங்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.